வீட்டுக் கொடிப் பழம்

என் மகளுக்குப் பதினாறு வயது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். எந்த வயதில் எந்தப் பல் விழுந்தது, எந்த ஆசிரியருக்குப் பயப்படுவாள், எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால்தான், போன திராட்சை அறுவடைக்கு முன்பு மாதக்கணக்காக அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயம் என் மைத்துனனுக்குத் தெரிந்து, எனக்குத் தெரியாமல் போனதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. மார்க்கையன்கோட்டையில் வீடு. சொந்தக் குட்டியானை வண்டியில் காய்கறி, வாழைத்தார், பழப்பெட்டி என்று கிடைத்த சரக்கை ஏற்றுவான். சாயங்காலம் கம்பத்துக்கு லோடு எடுக்கப் போகும்போது, வழியில் உத்தமபாளையத்தில் மகளைப் பள்ளிக்கூட வாசலில் ஏற்றிக்கொண்டு அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டில் இறக்கிவிடுவான். பஸ் கூட்டத்தில் நசுங்காமல் வரட்டுமே என்று இந்த ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான்.

வண்டி வாசலில் வந்து நிற்கும். அவள் இறங்க மாட்டாள். இன்ஜினை அணைத்துவிட்டு இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் அலுவலகத்திலிருந்து வந்து, குளித்து, சட்டையைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்போதும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வாள். அவன் ஸ்டியரிங் மேல் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். சட்டென்று சிரிப்பார்கள். பிறகு அவள் வீட்டுக்குள் வருவாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் மாறிவிடும். என்னம்மா பேச்சு இவ்வளவு நேரம் என்று கேட்டால், "சும்மாதான்ப்பா" என்பாள். எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தச் 'சும்மா'தான்.

அவனிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்ப்பேன். பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவன். சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாது. மகளின் சடங்கன்று தாய்மாமன் சீருக்காகச் சொந்தமெல்லாம் மண்டபத்தில் காத்திருக்க, வழியில் டயர் பஞ்சர் என்று வெகுநேரம் கழித்து வந்து நின்றான். அவனைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பூ முதல் சாப்பாட்டு இலை வரை எல்லாவற்றையும் பிசகாமல் ஏற்பாடு செய்த நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அவளை நான் ஒழுங்காக வளர்த்தேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏழாம் வகுப்பில் ஒரு தேர்வில் மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டி அவளுக்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள். அவள் வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட்டாள். விடைத்தாளைப் பார்த்ததும் நான்தான் கூட்டலைக் கண்டுபிடித்து, நாளைக்கு டீச்சரிடம் நீயே போய்ச் சொல் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. போனாள், சொன்னாள், இரண்டாம் இடத்துக்கு வந்தாள். சாயங்காலம் என்னிடம் வந்து "சொல்லிட்டேன்ப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அப்பா சொல்வதுதான் சரி, சரியானதை அப்பா சொல்வார் என்று அப்போது அவளுக்கு இருந்தது. அது அப்படியே இருக்கும் என்று நம்பினேன்.

எங்களுக்கு ஒரு ஏக்கரில் பன்னீர் திராட்சை. அலுவலகம் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எனக்குப் பந்தலில்தான். எந்த மருந்தை எவ்வளவு கலக்க வேண்டும், அடித்தபிறகு எத்தனை நாள் பொறுத்துப் பழம் வெட்ட வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அந்தக் கணக்கில் நான் ஒரு நாள் கூடக் குறைத்ததில்லை. கேரளாவுக்குப் பழம் அனுப்புகிற வியாபாரி அவசரப்படுத்தினாலும் கத்தரிக்கோலை உள்ளே விட மாட்டேன். அந்த மட்டில் என் பழம் சுத்தமானது என்று தலை நிமிர்ந்து சொல்வேன்.

ஆனால் எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் இருப்பதுபோல என் தோட்டத்திலும் வீட்டுக் கொடி உண்டு. கிணற்றை ஒட்டி இரண்டு கொடி. பிஞ்சுப் பருவத்தோடு அவற்றுக்கு மருந்து நிறுத்தப்படும். அதன்பிறகு பந்தல் முழுக்க மருந்துக் குழல் போகும். அந்த இரண்டு கொடிகளுக்கு முன்னால் மட்டும் கை நின்றுவிடும். பழம் சிறுத்துப்போய், புள்ளி விழுந்து, குலையில் பாதி உதிர்ந்திருக்கும். நாங்கள் தின்பது அதைத்தான். அக்கா வீட்டுக்கும், மாமியார் வீட்டுக்கும், இன்னும் நெருங்கின இரண்டொரு வீட்டுக்கும் பெட்டி போகிறது என்றால் அதுவும் அந்தக் கொடியிலிருந்துதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவும் நினைப்பதில்லை. சமையலுக்கு உப்புப் போடுவதுபோல அது பாட்டுக்கு நடக்கும்.

போன பருவத்தில் மகள் வீட்டுக் கொடிப் பழத்தைத் தொடவில்லை. தட்டில் வைத்தால் தள்ளிவிட்டாள். வயசுப் பிள்ளை, எதையாவது வேணாம்னுதான் சொல்லும், விடுங்க என்றாள் மனைவி. முகப்பருவுக்காக யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அறுவடையன்று அவளே வந்து, சொந்தக்காரர் வீட்டுப் பெட்டிகளை நான் கட்டுகிறேன் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பொறுப்பு வந்துவிட்டது பார் என்று மனைவியிடம் சொன்னேன்.

அன்று வியாபாரி ஒரு டிரேயைத் தனியாக எடுத்துவைத்து, இதில் காய் சிறுத்திருக்கிறது என்று முணுமுணுத்தார். வெட்டிய பெண்கள் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நான் பதில் சொன்னேன். சொந்தக்காரர் பெட்டிகளை மைத்துனன் ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் பெரியகுளத்திலிருந்து அக்கா போன் செய்தாள். இந்தத் தடவை பழம் பிரமாதம் என்றாள். எப்போதும் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், இந்தத் தடவை குலை நிறைய, பளபளவென்று, ஒரு புள்ளி இல்லை என்றாள். அக்கா மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். "பிள்ளைத்தாச்சிப் பிள்ளைக்குச் சோறு இறங்கல, தம்பி. உன் பழத்தைத்தான் கிண்ணம் கிண்ணமாத் திங்குறா" என்றாள்.

பளபளவென்று என்ற வார்த்தையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக் கொடி ஒருநாளும் பளபளத்ததில்லை.

அந்தப் பிள்ளையைத் தின்ன விடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று அக்கா கேட்டால் என்ன சொல்வது? அது நாங்கள் விற்கிற பழம், அதனால் தின்னாதே என்றா? நாள் தவறாமல் மருந்தடித்த, தலை நிமிர்ந்து விற்கிற பழம். எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டாலும் அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் கொடு என்று மட்டும் சொன்னேன். அக்கா சிரித்தாள். உன் வீட்டுப் பழத்தை என்றைக்குடா நாங்கள் கழுவித் தின்றோம் என்றாள்.

மகளைக் கூப்பிட்டேன். பெட்டியில் என்ன பழம் போட்டாய் என்றேன். அவள் மறைக்கவில்லை. வீட்டுக் கொடிப் பழத்தை விடியற்காலையிலேயே வெட்டி வியாபாரி டிரேயில் போட்டதாகவும், டிரேப் பழத்தை எடுத்துப் பெட்டிகளில் வைத்ததாகவும் நிதானமாகச் சொன்னாள்.

"ஏன்?"

"நாள் முடிஞ்ச பழம் சுத்தமான பழம்னு நீங்கதானப்பா சொல்லுவீக? அப்ப அத்தை வீட்ல தின்னா என்ன?"

"அங்கன ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கா."

"கேரளாவுல வாங்கித் திங்குறவகள்ல பிள்ளைத்தாச்சி இருக்க மாட்டாகளா?"

மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டது எனக்குப் பதில் தெரியாத கேள்வி என்பதால் அதிகமாகவே வந்தது. உனக்கு ஒரு சந்தேகம் இருந்தால் அதற்கு அடுத்தவள் வயிற்றை வைத்தா சோதிப்பது, நீ தின்று காட்டியிருக்கலாமே என்றேன்.

"நான் அதைத்தான் திங்குறேன். இந்த சீசன் முழுக்க அதைத்தான் தின்னேன்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அத்தை வீட்டு அக்காவுக்குக் குடுத்திருக்கக் கூடாது. மாமா அப்பவே சொல்லுச்சு. நான் கேக்கல."

அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு தகப்பனுக்கு அந்த நேரத்தில் தெரிந்திருக்க வேண்டியது அந்தக் கண்ணீர்தான். எனக்குக் காதில் விழுந்ததோ "மாமா அப்பவே சொல்லுச்சு" என்பதுதான். அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். என் தோட்டம், என் பழம், என் மகளின் மனசாட்சி, எல்லாம் அவன் வண்டியில் பேசி முடிவாகியிருக்கிறது. கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள் நான்.

அடுத்த நாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். அவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஹோஸைக் கீழே போட்டான்.

"வாங்க மச்சான். முகத்தைப் பாத்தா டீ சொல்லவா, வக்கீலைக் கூப்பிடவான்னு தெரியலையே."

நான் சிரிக்கவில்லை. என் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றான். அவள்தான் தினமும் ஒரு கேள்வியோடு ஏறுவாள். விற்பதை நாம் ஏன் தின்பதில்லை, தின்னாததை ஏன் விற்கிறோம், நாள் கணக்குச் சரி என்றால் இரண்டு கொடியை ஏன் விடுகிறோம். ஊரெல்லாம் அப்படித்தான் ஆத்தா, பேசாமல் பழத்தைத் தின்னு என்றுதான் அவனும் சொல்லிப் பார்த்திருக்கிறான். பெட்டி மாற்றப் போவதைச் சொன்னபோது, பெரியகுளத்துப் பெட்டியை மட்டும் விட்டுவிடு என்றிருக்கிறான். கேரளாக் கேள்வியைக் கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டா. உங்கப்பாகிட்டக் கேளு, அவுக படிச்சவுகன்னு நானும் எத்தனையோ தடவை சொன்னேன்."

"அதுக்கு?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "அப்பாகிட்டக் கேட்டா அவுக சரியாத்தான் சொல்லுவாக மாமா, அதுக்கப்புறம் நான் யோசிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காதுன்னு சொன்னா. எங்கிட்டன்னா அந்தத் தொந்தரவு இல்லைல. நான் எதைச் சொன்னாலும் அது சரியா இருக்காதுன்னு அவளுக்கே தெரியும்."

இதைச் சொல்லி அவன் சிரித்தான். என்னைத் தேற்றத்தான் சிரித்தான் என்று நினைக்கிறேன். எனக்கு இன்னும் எரிந்தது. என்னிடம் ஏன் பேசவில்லை என்ற காரணத்தைக்கூட அவள் அவனிடம்தான் பேசியிருக்கிறாள். அதையும் நான் அவன் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

"என்ன மச்சான், பிள்ளையை நான் களவாண்டுட்ட மாதிரிப் பாக்குறீக" என்றான். டீ வந்தது. குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் வந்து, தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். மதிப்பெண் விஷயத்தில் நான் போகச் சொன்னேன். இப்போது யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிப்போகிறேன் என்றேன். போகிற வழியெல்லாம் அவளோடு பேசலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது.

"மாமா வண்டில போறேன்ப்பா. என்ன சொல்லணும்னு பேசிக்கிட்டே போகணும்" என்றாள். பைக்கில் பேசக் கூடாதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுக்காமல் பைக்கில் ஏறியிருப்பாள், வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

அவர்கள் போனபிறகு நான் பந்தலுக்குப் போனேன். வெட்டி முடித்த பந்தலில் வேலை ஒன்றும் இல்லை. தளராத கம்பிகளைத் தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டே மூலைக்கு மூலை நடந்தேன். வண்டி தேனியைத் தாண்டியிருக்கும், பெரியகுளம் ரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தியிருப்பான், இப்போது அவள் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவன் தலையை ஆட்டியிருப்பான் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது.

அக்கா அன்று மத்தியானமே போன் செய்தாள். முதலில் என்னைத்தான் திட்டினாள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடென்று தெரிந்தும் முதல் நாளே வாயைத் திறக்காமல் உப்புத் தண்ணீர் சொன்னாயே, நீயெல்லாம் ஒரு தாய்மாமனா என்றாள். டாக்டரிடம் போனில் கேட்டாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை என்றார், மிச்சப் பழத்தைக் குப்பையில் கொட்டிவிட்டோம் என்றாள். பிறகு அக்காவே குரலைத் தணித்தாள்.

"பிள்ளை அழுதுச்சு. நான் உன்னைப் பேச ஆரம்பிச்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எங்கிட்டச் சண்டைக்கு வந்துருச்சு. எங்கப்பா டப்பாவுல உள்ளபடிதான் அடிப்பாக, ஒரு நாள் குறைக்க மாட்டாக, அவுக மேல தப்பில்ல அத்தை, எனக்குத்தான் அது பத்தலன்னுச்சு."

எனக்குத்தான் அது பத்தல. நான் போனை வைத்தபிறகும் அந்த வார்த்தை போகவில்லை. என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறாள். அதே மூச்சில் என்னைத் தாண்டியும் போயிருக்கிறாள். இரண்டையும் அக்கா கேட்டாள், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கேட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் என்ன ஆச்சு என்றேன். "சொல்லிட்டேன்ப்பா" என்றாள். அதே வார்த்தைதான், ஆனால் இந்தத் தடவை அதில் எனக்குப் பங்கில்லை.

கவாத்து முடிந்து கொடி மறுபடி துளிர்த்தது. பிஞ்சு பிடிக்கிற சமயத்தில் அந்த இரண்டு கொடிகளை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. தோட்டம் முழுக்கப் பிஞ்சுக்குப் பிறகு அடிக்கிற மருந்தை நிறுத்தினால், ஒரு மழை பிடித்தாலும் பாதிப் பழம் போய்விடும். வீட்டுக் கொடிக்கும் சேர்த்து அடித்தால் எல்லாருக்கும் ஒரே பழம், ஆனால் யாருக்கும் நல்ல பழம் இல்லை. பழையபடியே விட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. பல நாள் புரட்டிப் பார்த்தும் எனக்கு ஒரு முடிவு வரவில்லை. எந்த விஷயத்தையும் முடிவு செய்தபிறகே வீட்டில் சொல்வது என் வழக்கம். அன்று வழக்கத்தை விட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளிடம் மூன்றையும் அப்படியே சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்தபிறகும் காத்திருந்தாள். நாலாவதாக என் முடிவு வரும் என்று எதிர்பார்த்திருப்பாள்.

"நீங்க என்ன நெனைக்கிறீக?"

"தெரியல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கேலியா, சந்தேகமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"மாமாகிட்டக் கேட்டுப் பாக்கட்டா?"

நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் அப்படியே எழும்பியது. கேள் என்றேன். போனை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவன் எங்கோ லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். பின்னால் ஆட்கள் சத்தம் கேட்டது. அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"மச்சான் பக்கத்துல இருக்காகளா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இருக்காக. நீ சும்மா பேசு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் தலையசைத்தேன். அவன் பேச ஆரம்பித்தான். மருந்தை நிறுத்திவிட்டு வேப்பெண்ணெய் அடிக்கலாம் என்றான். பிறகு அவனே, அது கத்தரிக்காய்க்குத்தான் கேட்கும்போல என்றான். அவள், அப்படியானால் பாதித் தோட்டத்தை மட்டும் ஒரு பருவம் விட்டுப் பார்த்தால் என்ன மாமா என்றாள். எந்தப் பாதி என்று இருவரும் சண்டை போட்டார்கள். பேச்சோடு பேச்சாக நான் அடிக்கிற மருந்தின் பெயரை அவன் தப்பாகச் சொன்னான். நாள் கணக்கையும் தப்பாகச் சொன்னான். அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

நான் திருத்தவில்லை.